ஒரு ஆளோட பட்டாவுல பொறந்த கவுன்ட்டி

ஸ்காட்லாந்தோட பழைய கவுன்ட்டி மேப் ஒன்னை எடுத்து, வடக்குப் பக்கம் இருக்குற ராஸ்ஷயரை மட்டும் பெருசு பண்ணிப் பாருங்க. 1889க்கு முன்னாடி அச்சான மேப்பா இருக்கணும், அதுதான் முக்கியம். ராஸ்ஷயருக்கு ஒரு கலர் குடுத்திருப்பாங்க, அந்தக் கலருக்கு நடுவுல வேற ஒரு கலர் அங்கங்க சொட்டு சொட்டா, வெள்ளை வேட்டியில சாம்பார் தெறிச்ச மாதிரி கிடக்கும். கிழக்குக் கடலோரத்துல ஒரு துளி, நடு மலையில ரெண்டு மூணு துளி, மேற்குக் கடல்கிட்ட போய் ஒரு பெரிய திட்டு. ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் தொடுப்பே கிடையாது. ஆனா அத்தனையும் சேர்ந்து ஒரே கவுன்ட்டியாம், பேரு குரோமார்ட்டிஷயர்.

எதை வச்சுடா பிரிச்சாங்கன்னு நானும் கொஞ்ச நேரம் மண்டையை ஒடைச்சுக்கிட்டேன். ஆறா? இல்ல. மலையா? இல்ல. ஒரு குலத்துக்காரங்க ஒரு பக்கம், இன்னொரு குலம் இன்னொரு பக்கம்னு பிரிச்சாங்களா? அதுவும் இல்ல. விஷயம் ரொம்ப சிம்பிள். அந்தச் சொட்டு எல்லாமே 17ஆம் நூற்றாண்டுல ஜார்ஜ் மெக்கன்சிங்கிற ஒரே ஆளோட சொத்து. அவரு நிலம் எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கெல்லாம் கவுன்ட்டி. அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுடுச்சுன்னா அந்தப் பகுதியோட மிச்ச சரித்திரமும் ஓரளவுக்கு பிடிபட்டுடும், ஏன்னா அங்க எந்தக் கோணல் கோட்டைத் தொட்டாலும் அடியில யாரோ ஒருத்தரோட பத்திரம்தான் கிடக்குது.

முதல்ல ஊரு எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். ராஸும் குரோமார்ட்டியும் சேர்த்தா சுமார் 8,000 சதுர கிலோமீட்டர், ஸ்காட்லாந்துல இன்வர்னெஸ்ஷயர், ஆர்கைல் ரெண்டுக்கும் அடுத்தபடியா மூணாவது பெரிய கவுன்ட்டி. கிழக்குல வட கடல், மேற்குல மின்ச்னு சொல்ற கடல், அதையும் தாண்டி அட்லாண்டிக் பக்கம் லூயிஸ் தீவு. ஒரே கவுன்ட்டிதான், ஆனா கிழக்கும் மேற்கும் ரெண்டு வேற உலகம். கிழக்குல, அதாவது ஈஸ்டர் ராஸ்லயும் பிளாக் ஐல்லயும், வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான், செம்மணற்கல்லுல உண்டான நல்ல மண்ணு, பார்லி கோதுமை எல்லாம் வெளையும், பெரிய பெரிய பண்ணை. மேற்குல மலை மேல 2,000 மில்லிமீட்டரைத் தாண்டி கொட்டும், பாறைக்கு மேல கரிச்சேறு மாதிரி பீட் மண்ணு, ஒன்னும் வெளையாது, ஆடு மாடும் மீனும்தான் பொழப்பு. பிளாக் ஐல்னு பேரு கேட்டு கருப்புத் தீவுன்னு நெனச்சுடாதீங்க, அது தீவும் இல்ல, கருப்பும் இல்ல, மூணு பக்கம் தண்ணி இருக்குற ஒரு முனை. சுத்தியிருக்குற மலையெல்லாம் பனி மூடி வெள்ளையா இருக்கும்போது இங்க மட்டும் பனி நிக்காம மண்ணு கருப்பாத் தெரியும், அதனால வந்த பேருன்னு அந்த ஊர்க்காரங்க ஒரு காரணம் சொல்லுவாங்க. ராஸ்ங்கிற பேருக்கே கேலிக் மொழியில நிலமுனைன்னுதான் அர்த்தம்.

மேற்கோட பாறை பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போக முடியல. அடியில இருக்குற லூயிசியன் நைஸ் பாறையில பழைய பகுதிக்கு வயசு 300 கோடி வருஷம். அதுக்கு மேல சுமார் 100 கோடி வருஷத்துக்கு முந்தின டோரிடன் மணற்கல்லு, படிக்கட்டு அடுக்கின மாதிரி, லியாத்தாக்னு ஒரு மலை 1,055 மீட்டருக்கு செங்குத்தா நிக்குது. கீழ ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். வடக்க நாக்கன் கிராக்னு ஒரு பாறைச்சரிவு இருக்கு, அங்க பழைய பாறை மேலயும் புதுப் பாறை கீழயும் இருக்கு, 19ஆம் நூற்றாண்டுல பெரிய பெரிய நிலவியல் ஆளுங்க இதுக்காக வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில பூமியே ஒரு பாறை அடுக்கை இன்னொன்னு மேல கிலோமீட்டர் கணக்குல தள்ளி ஏத்தியிருக்குன்னு முடிவாச்சு. ஆப்பிள்கிராஸுக்குப் போற பியாலக் நா பா கணவாய் 626 மீட்டர் ஏறுது. அந்தப் பேருக்கு அர்த்தம் "மாடுகளோட கணவாய்". ஏன்னா ரோடு வர்றதுக்கு முன்னாடி அந்த வழியாத்தான் மாட்டை கிழக்குச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போவாங்க.

இப்ப ஆளுங்க கதை. கிழக்குல முதல்ல பிக்ட் ஜனங்க. ஷாண்ட்விக், நிக், ஹில்டன்னு கடலோரத்துல அவங்க செதுக்கின பெரிய கல்லுங்க இருந்துச்சு, போர்ட்மஹோமக்ல ஒரு மடமே இருந்தது தோண்டும்போது கிடைச்சுது, 800ஆம் வருஷத்தை ஒட்டி எரிஞ்சு போயிருக்கு. அப்புறம் கப்பல்ல வந்த நார்ஸ்காரங்க, அதாவது வைக்கிங்குங்க. இவங்க விட்டுட்டுப் போன பேருதான் கவுன்ட்டித் தலைநகரமான டிங்வால். நார்ஸ் மொழியில "திங்"னா ஊர்மன்றம், "வோல்"னா வெளி, மன்றம் கூடுற வெளி. அந்த மன்றம் எங்க கூடுச்சுன்னு ரொம்ப நாளா தேடி, தோண்டிப் பாத்தவங்க கடைசியில கை காட்டினது டவுனுக்குள்ள இருக்குற ஒரு கார் பார்க்கிங்கை. அந்தக் கார் பார்க்கிங்குக்கு குரோமார்ட்டி பேருதான். அது ஏன்னு கொஞ்சம் கீழ வரும்.

1215 வாக்குல ஃபெர்க்கர்னு ஒருத்தர், பட்டப்பேரு "பூசாரி மகன்", ராஜா இரண்டாம் அலெக்சாண்டருக்கு எதிரா கிளம்பின கலகக்காரங்களை அடக்கி, அவங்க தலையை வெட்டி ராஜாவுக்குப் பரிசா அனுப்பி வச்சாரு. அதுக்குக் கூலியா ராஸ் ஏர்ல் பட்டம். இவரு வம்சத்து ஏர்ல் வில்லியம்தான் 1306ல, டெய்ன் ஊர்ல புனித டத்தக் கோயில்ல அடைக்கலம் புகுந்திருந்த ராபர்ட் புரூஸோட ராணியையும் மகளையும் பிடிச்சு இங்கிலீஷ்காரங்ககிட்ட ஒப்படைச்சாரு. கோயில்ல அடைக்கலம் புகுந்தவங்களை! அப்புறமா இந்த ஏர்ல் பட்டத்துக்காகவே 1411ல ஹார்லாவ்ல பெரிய சண்டை நடந்துச்சு, தீவுகளோட அதிபதி டொனால்ட் தன் பொண்டாட்டி வழியில ராஸ் எனக்குத்தான்னு படையோட வந்தாரு. அவரு வம்சத்துக்கு ராஸ் கிடைச்சுது, அதையும் 1476ல ராஜா பிடுங்கிக்கிட்டாரு. இந்த இடைவெளியில மேல வந்தவங்கதான் மெக்கன்சி குலம். மேற்குல கின்டெய்ல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா கிழக்கு வரைக்கும் நிலத்தை வளைச்சாங்க, சில இடத்துல வாள், சில இடத்துல கல்யாணம், நெறைய இடத்துல கடன் பத்திரம். இந்தியச் சினிமாப் பாட்டுல கூட வந்திருக்குற ஐலீன் டோனன் கோட்டை இவங்க பக்கத்துக் கோட்டைதான். 1719ல கப்பல் பீரங்கி அடிச்சு, அப்புறம் வெடிமருந்து வச்சு தரைமட்டமாக்கினது, இப்ப போட்டோல பாக்குறது 1932ல கட்டி முடிச்சது.

சரி, கவுன்ட்டின்னா என்ன? அங்க அதுக்குப் பழைய பேரு ஷயர், அதாவது ஒரு ஷெரிஃபோட எல்லை. ஷெரிஃப்னா துப்பாக்கியும் தொப்பியுமா வர்ற அமெரிக்க ஆளு இல்ல, ராஜாவோட ஆளு. கோர்ட்டு அவரு கையில, வரி வசூல் அவரு கையில, படைக்கு ஆள் திரட்டுறது அவரு கையில. ஸ்காட்லாந்துல இந்தப் பதவி நெறைய இடத்துல பரம்பரைச் சொத்து, அப்பனுக்கு அப்புறம் மகன். பெரிய ராஸ் பகுதி ரொம்ப காலம் இன்வர்னெஸ் ஷெரிஃபுக்குக் கீழதான் கிடந்துச்சு, 1661லதான் தனி ஷயர் ஆச்சு. ஆனா பிளாக் ஐல் முனையில இருக்குற குட்டி ஊரு குரோமார்ட்டிக்கு மட்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே தனி ஷெரிஃப் இருந்தாரு. ஊரும் சுத்தி இருக்குற வயலும், அவ்வளவுதான் எல்லை. உர்குஹார்ட்னு ஒரு குடும்பத்துக்கு அது பரம்பரைப் பதவி. இந்தக் குடும்பத்துல வந்த சர் தாமஸ் உர்குஹார்ட்னு ஒருத்தரு பெரிய படிப்பாளி, தன் வம்சாவளியை ஆதாம் வரைக்கும் ஒரு ஆளு விடாம எழுதி வச்சவரு, ஆனா அப்பா வச்சிட்டுப் போன கடனை அடைக்கத் தெரியாதவரு. 1660ல ராஜா சார்லஸ் திரும்பி வந்துட்டாருன்னு சேதி கேட்டு சிரிச்சு சிரிச்சே செத்துப் போனாருன்னு ஒரு கதை இருக்கு, நம்புறது உங்க இஷ்டம்.

கடன்ல மூழ்கின அந்தக் குடும்பத்துக்கிட்டேர்ந்து சொத்தும் ஷெரிஃப் பதவியும் போய்ச் சேர்ந்த இடம்தான் நம்ம ஜார்ஜ் மெக்கன்சி, டார்பட் ஊர்க்காரரு. லேசுப்பட்ட ஆளு இல்ல. எடின்பரோவுல பெரிய நீதிபதி, மந்திரி, எந்த ராஜா வந்தாலும் கவுக்க முடியாத ஆளு, 1685ல வைகவுன்ட், 1703ல ஏர்ல். இவருக்கு ஒரு தலைவலி இருந்துச்சு. குரோமார்ட்டிக்கு இவரே பரம்பரை ஷெரிஃப், ஆனா இவரோட பெரிய நிலம் எல்லாம் ராஸ்ல சிதறிக் கிடக்குது. அங்க இருக்குற குடியானவங்க மேல கேஸு வந்தா ராஸ் ஷெரிஃப் கோர்ட்டுக்குப் போகணும், அந்த அதிகாரம் சொந்தக்காரனே ஆனாலும் வேற ஒருத்தன் கையில. மத்தவனா இருந்தா நிலத்தை வித்து ஒரே இடத்துல வாங்கியிருப்பான். இவரு என்ன பண்ணாரு, நிலம் இருக்குற இடத்துலயே இருக்கட்டும், கவுன்ட்டியை நகத்துங்கன்னுட்டாரு! 1685ல பார்லிமென்ட்ல ஒரு சட்டம் போட்டு, தன்னோட நிலம் அத்தனையும் ராஸ்லேர்ந்து பிரிச்சு குரோமார்ட்டியோட சேர்த்துக்கிட்டாரு. அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை ரத்து பண்ணிட்டாங்க. ஆளு விடல, ராஜா மாறினதும் 1690ல திரும்பவும் வாங்கிட்டாரு. இப்படித்தான் டார்பட் ஒரு துளி, லியோட் கோட்டையும் ஸ்ட்ராத்பெஃபரும் ஒரு துளி, ஃபானிக் மலை ஒரு துளி, மேற்குல கோய்காக்கும் இன்னைக்கு உல்லாபூல் இருக்குற இடமும் சேர்ந்து அந்தப் பெரிய திட்டு.

ஆளு 1714ல செத்தாரு. டிங்வால்ல தனக்குத்தானே ஒரு பெரிய ஊசிக்கோபுரம் கட்டி வச்சுட்டு அதுக்கடியில புதைக்கச் சொன்னாரு. பொண்டாட்டி உன் சமாதி மேல ஆடுவேன்னு சபதம் போட்டதால, ஆட முடியாதபடி கூரா கட்டிக்கிட்டாருன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. அவரு கோபுரத்துக்குன்னு தேர்ந்தெடுத்த அந்த மேடுதான் நார்ஸ்காரங்க மன்றம் கூடின மேடு, இப்ப கார் நிக்குற இடம். தெரிஞ்சு பண்ணாரோ தெரியாம பண்ணாரோ, ஊரு கூடிப் பேசின எடத்துல ஒரு தனி ஆளு படுத்துக்கிட்டாரு.

இதே கதைதான் தீவுலயும். லூயிஸ், ஹாரிஸ்னு ரெண்டு பேரு இருக்கறதால ரெண்டு தீவுன்னு தோணும், ஆனா அது ஒரே தீவு, நடுவுல ஒரு மலைத்தொடர், அவ்வளவுதான். ஆனா லூயிஸ் ராஸ்ஷயர்ல, ஹாரிஸ் இன்வர்னெஸ்ஷயர்ல. ஏன்னா ஹாரிஸ் ஸ்கை தீவு மெக்லியோடு குடும்பத்துக்குச் சொந்தம், அவங்க இருப்பு இன்வர்னெஸ் பக்கம். லூயிஸ் 1610 வாக்குல மெக்கன்சி கைக்கு வந்துடுச்சு, அவங்க இருப்பு ராஸ். தீவுல இருக்குற ஜனங்களுக்கு இதுல என்ன சௌகரியம்னு யாரும் கேக்கல. பின்னாடி கவுன்ட்டி கவுன்சில்னு ஒன்னு வந்தப்போ லூயிஸ்காரர் ஒரு மீட்டிங்குக்கு வரணும்னா மின்ச் கடலைத் தாண்டி, அப்புறம் ரயில் ஏறி டிங்வாலுக்கு வரணும். 1975 வரைக்கும் இந்தக் கூத்து நடந்துச்சு.

திரும்ப குரோமார்ட்டிக்கு வருவோம், இங்கதான் கதை நம்ம பக்கம் வருது. மூணாவது ஏர்ல், பழைய ஸ்டூவர்ட் ராஜவம்சத்தைத் திரும்ப ஏத்தணும்னு கிளம்பின 1745 ஜாக்கோபைட் கலகத்துல சேர்ந்து, கலகத்தை முடிச்ச குல்லோடன் சண்டைக்கு முந்தின நாளே பிடிபட்டு, மரண தண்டனை வரைக்கும் போய் உயிர்ப்பிச்சை கிடைச்சு, ஆனா சொத்து மொத்தமும் போச்சு. அந்தக் கலகத்துக்கப்புறம் பரம்பரை ஷெரிஃப் பதவியையே ஒழிச்சுட்டாங்க. அதாவது எந்த அதிகாரத்துக்காக அந்தக் கோணல் கவுன்ட்டி உண்டாச்சோ அந்த அதிகாரம் போயிடுச்சு, கோடு மட்டும் மேப்புல அப்படியே நின்னுடுச்சு, இன்னும் 140 வருஷத்துக்கு. ஏர்லோட மகன் ஜான் மெக்கன்சி, மெக்லியோட் பிரபுன்னு சொல்லுவாங்க, ஸ்வீடன் படையில போய்ச் சேர்ந்து வேலை பாத்துட்டு, 1778ல பிரிட்டிஷ் ராஜாவுக்காகவே ஒரு ஹைலேண்டர் ரெஜிமென்ட் திரட்டினாரு. அது 73ஆம் ரெஜிமென்ட். 1780 ஜனவரியில மெட்ராஸ்ல வந்து இறங்கிச்சு.

அந்த வருஷம் செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பொள்ளிலூர். ஹைதர் அலியும் திப்புவும் பெய்லிங்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக் கர்னலோட படையை சுத்தி வளைச்சு அழிச்ச இடம். மெக்லியோட் பிரபுவோட ரெஜிமென்ட் ஆளுங்க சில பிரிவு அந்தப் படையில இருந்தாங்க, செத்தவங்க போக மிச்சம் ஸ்ரீரங்கப்பட்டணம் ஜெயில்ல. பெய்லிக்கு உதவிக்குப் போகாம சில மைல் தள்ளி காஞ்சிபுரத்துல பெரும்படையோட உக்காந்திருந்த தளபதி யாருன்னா சர் ஹெக்டர் மன்றோ. சேதி கேட்டதும் கனமான பீரங்கியெல்லாம் காஞ்சிபுரத்துக் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்கு ஓடினாரு. இவரும் ராஸ்ஷயர்காரர்தான், ஆல்னெஸ் பக்கத்துல நோவார் எஸ்டேட்டோட முதலாளி. பொள்ளிலூர் கெட்ட பேரை அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துல கழுவிக்கிட்டாரு. 1781 நவம்பர்ல டச்சுக்காரங்ககிட்டேர்ந்து நாகப்பட்டினம் கோட்டையைப் பிடிச்சாரு. பிடிச்சது மட்டும் இல்ல, நோவார் எஸ்டேட்டுக்கு மேல இருக்குற 453 மீட்டர் ஃபைரிஷ் குன்று உச்சியில, அந்த நாகப்பட்டினம் கோட்டை வாசலை மாதிரி வச்சு ஒரு கல் வளைவு கட்டச் சொன்னாரு. இன்னைக்கும் நிக்குது. நடுவுல மூணு வளைவு, ரெண்டு பக்கமும் தனித்தனித் தூணு, பின்னாடி ஒன்னுமே இல்ல, வெறும் வானம். சனி ஞாயிறு ஆனா நாயைக் கூட்டிக்கிட்டு ஜனங்க ஏறிப் போய் கீழ குரோமார்ட்டி ஃபெர்த்னு சொல்ற கடல் நுழைவை வேடிக்கை பாக்குறாங்க. வேலை இல்லாத ஊர்க்காரங்களுக்குக் கூலி குடுக்கத்தான் கட்டினாரு, நாள் கூடட்டும்னு உருட்டி ஏத்தின கல்லை அவரே ராத்திரியில திரும்ப உருட்டி விட்டாருன்னும் ஒரு கதை சொல்லுவாங்க. தர்மப்பிரபுங்களைப் பத்தி இந்த மாதிரி கதை எல்லா ஊர்லயும் இருக்கும்.

லூயிஸ் தீவும் இந்தக் கவுன்ட்டிதான்னு சொன்னேன் இல்லையா, அங்க ஸ்டோர்னோவேயில பொறந்து, சுங்க ஆபீஸ்ல வேலை பாத்துட்டு, 1783ல மெட்ராஸுக்கு வந்தவருதான் காலின் மெக்கன்சி. நம்ம ஊர் சரித்திரம் படிக்கிறவங்களுக்கு இவரு பேரு தெரியாம இருக்காது. கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, ஊர்க்கதை, கோயில் வரலாறுன்னு தமிழ், தெலுங்கு, கன்னட நாடு முழுக்க ஆள் வச்சு சேத்து வச்சவரு, 1815ல இந்தியாவோட முதல் சர்வேயர் ஜெனரல். அவரு சேத்ததுல பெரிய பங்கு இன்னைக்கும் சென்னையில கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல இருக்கு. ஒரே கவுன்ட்டிலேர்ந்து ஒருத்தரு கோட்டை வாசலைக் காப்பி அடிச்சுட்டுப் போனாரு, இன்னொருத்தரு ஊர் ஊரா கதையைக் காப்பி எடுத்தாரு. எனக்கு ரெண்டாவது ஆளு மேல கொஞ்சம் பிரியம் உண்டு, கம்பெனிக்காகத்தான் பண்ணாருன்னு தெரிஞ்சும்.

இப்ப ஃபைரிஷ் குன்றுக்குப் பின்னாடி இருக்குற பள்ளத்தாக்குக்குப் போவோம். வளைவு கட்டி பத்து வருஷம்தான், 1792. நிலச் சொந்தக்காரங்களுக்கு ஒரு கணக்கு புரிஞ்சுடுச்சு. தெக்கேர்ந்து வர்ற ஆட்டுப்பண்ணைக்காரன் ஒருத்தன் குடுக்குற குத்தகை, நூறு குடியானவங்க குடுக்குற வாடகையை விட ஜாஸ்தி. கேலிக்ல அந்த ஆட்டுக்கு "பெரிய ஆடு"ன்னு பேரு. ஆல்னெஸ் ஆத்தோட மேல்பக்கம் கில்டர்மோரியில ஒரு ஆட்டுப்பண்ணைக்காரன் வந்தான், ஊர் மாட்டுக்கு மேய்ச்சல் போச்சு, தகராறு ஆச்சு. ஜனங்க என்ன பண்ணாங்கன்னா ஆள் மேல கை வைக்கல, ராஸ்லயும் சதர்லாந்துலயும் இருக்குற அத்தனை பெரிய ஆட்டையும் ஒன்னா சேத்து தெக்கே ஓட்டிக் கொண்டு போய் விட்டுடலாம்னு கிளம்பிட்டாங்க. ஆயிரக்கணக்கான ஆடு, பல நாள் ஓட்டம். ஜமீன்காரங்க பதறிப் போய் இன்வர்னெஸ் பக்கத்துல இருக்குற ஜார்ஜ் கோட்டைலேர்ந்து (நம்ம மெட்ராஸ் கோட்டை இல்ல) பட்டாளத்தைக் கூப்பிட்டு அடக்கினாங்க. அந்த வருஷத்துக்கே ஆட்டு வருஷம்னு பேரு நின்னுடுச்சு. அதுக்கும் முன்னாடியே, 1773ல, உல்லாபூல் பக்கத்து லாக் புரூம்லேர்ந்து ஹெக்டர்னு ஒரு ஓட்டைக் கப்பல்ல இருநூறு பேரு வரைக்கும் கனடாவுல இருக்குற நோவா ஸ்கோஷியாவுக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. 1792க்கு அப்புறம் போறதுதான் வழக்கம், இருக்கறது அதிசயம்னு ஆச்சு.

1845 மே மாசம் கிளென்கால்வி. சின்னப் பள்ளத்தாக்கு, தலைமுறை தலைமுறையா வாடகை பாக்கி வைக்காத ஜனங்க. நிலக்காரர் குடும்பத்து வாரிசு தூர தேசத்துல பட்டாளத்துல, எல்லாம் காரியஸ்தர் வச்சதுதான் சட்டம். முந்தின தடவை காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொண்டு வந்தப்போ பொம்பளைங்க சேர்ந்து அந்தப் பேப்பரைக் கொளுத்திட்டாங்க. இந்தத் தடவை முடியல. சுமார் 80 பேரு, கைக்குழந்தை கிழவன் கிழவி உள்பட, பக்கத்துல குரோய்க் சர்ச் வளாகத்துல, கல்லறைங்களுக்கு நடுவுல போர்வையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கினாங்க. சர்ச் உள்ள போகல, போனா தீட்டுன்னு நெனச்சாங்களோ என்னவோ, வெளியிலயே இருந்தாங்க. லண்டன் டைம்ஸ் பத்திரிகை நிருபர் வந்து பாத்து எழுதினாரு. அந்தச் சர்ச்சோட கிழக்கு ஜன்னல்ல வைர வடிவத்துல சின்னச் சின்னக் கண்ணாடி, அதுல வெளிப்பக்கத்துலேர்ந்து கூரான எதையோ வச்சுக் கீறியிருக்காங்க, இன்னைக்கும் படிக்கலாம். "கிளென்கால்வி ஜனங்க 1845 மே 24 இங்க இருந்தாங்க". இன்னொரு கண்ணாடியில, "கிளென்கால்வி ஜனங்க, பொல்லாத சந்ததி". பேசறது கேலிக், கீறினது இங்கிலீஷ்ல. யாரு படிக்கணும்னு நெனச்சாங்கன்னு தெரியுது. பொல்லாத சந்ததின்னு எழுதினது காரியஸ்தரை இல்ல, தங்களையே. தெய்வம் தண்டிக்குதுன்னா நாம ஏதோ பாவம் பண்ணியிருக்கோம்னு. எனக்கு இந்த ஒரு வரி ஃபைரிஷ் வளைவை விட கனமாத் தெரியுது.

அதுக்கப்புறம் நடந்ததை ஓட்டமா சொல்லிடறேன். லூயிஸை 1844ல சீஃபோர்த் மெக்கன்சிங்ககிட்டேர்ந்து 1,90,000 பவுண்டுக்கு வாங்கினது சீனாவுல அபின் வித்துப் பணம் பாத்த ஜேம்ஸ் மேத்திசன், அப்புறம் 1918ல சோப்புக் கம்பெனி லெவர். லெவரு போட்ட பெரிய பெரிய திட்டம் எதுவும் நடக்கல, வெறுத்துப் போய் 1923ல தீவையே ஜனங்களுக்கு எடுத்துக்கோங்கன்னு குடுத்தாரு, ஸ்டோர்னோவே பகுதி மட்டும் வாங்கிக்கிட்டுது, அந்த டிரஸ்ட் இன்னும் நடக்குது. இதுக்கு நடுவுல 1919 ஜனவரி 1, முதல் உலகப்போர் முடிஞ்சு புது வருஷத்துக்கு வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த தீவுக்காரங்களோட அயோலெய்ர் கப்பல், ஸ்டோர்னோவே துறைமுக விளக்கு தெரியிற தூரத்துல பாறையில மோதி 201 பேரு செத்தாங்க. ரயில் கதையும் நிலக் கதைதான். 1870ல டிங்வால்லேர்ந்து மேற்குக் கடலுக்கு லைன் போட்டப்போ ஸ்ட்ராத்பெஃபர் வழியாப் போறதுதான் சுலபம், உடம்புக்கு நல்லதுன்னு கந்தகத் தண்ணி குடிக்க கூட்டம் வந்த ஊரு வேற. ஒரு நிலக்காரரு என் நிலத்துல ரயில் வேணாம்னுட்டாரு, லைன் ஊரைச் சுத்திக்கிட்டு 50க்கு 1னு செங்குத்தா ரேவன் ராக் பாறை ஏறிச்சு. இன்னைக்கும் அந்த ரயில் அங்க மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் ஏறுது.

குரோமார்ட்டி ஃபெர்த் மட்டும் ஜமீன்காரங்களுக்கு அடங்கல, ஏன்னா அதோட ஆழம் கடற்படைக்குத் தேவைப்பட்டுது. வாசல்ல சூட்டர்ஸ்னு ரெண்டு குன்று காவல்காரங்க மாதிரி நிக்கும், உள்ள பெரிய கப்பல் எல்லாம் ஒளிஞ்சுக்கலாம். 1915 டிசம்பர் 30 அன்னைக்கு நேடல்னு ஒரு போர்க்கப்பல் இங்கதான் தானா வெடிச்சு நூத்துக்கணக்குல ஆள் போச்சு. 1931 செப்டம்பர்ல இன்வர்கார்டன்ல மாலுமிங்க சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் பண்ணாங்க, பழைய கடைநிலை ஆளுங்களுக்கு நாலுல ஒரு பங்கு வெட்டு, அந்த அதிர்ச்சியில சில நாள்ல பிரிட்டன் தங்க மாற்று முறையையே கைவிட்டுது. 1970கள்ல வட கடல் எண்ணெய், நிக்ல பிரமாண்டமான எண்ணெய்க் கிணத்து மேடை கட்டினாங்க, இப்பவும் ஃபெர்த்துல ஓய்வுபெற்ற மேடைங்க கால் நீட்டி நிக்குறதைப் பாக்கலாம். பார்லி வயலுக்குப் பின்னாடி இரும்பு ராட்சசன். ஃபைரிஷ்லேர்ந்து இன்னும் நல்லாத் தெரியும்.

கவுன்ட்டிக்கு முடிவு ரெண்டு தவணையா வந்துச்சு. 1889ல ஸ்காட்லாந்துக்கு கவுன்ட்டி கவுன்சில் சட்டம் வந்தப்போ, சொட்டு சொட்டா கிடக்குற குரோமார்ட்டிக்கு தனியா கவுன்சில் வச்சா ரோடு போடறவன் பத்து மைலுக்கு ஒரு தடவை கவுன்ட்டி மாறணும்னு புரிஞ்சு, ரெண்டையும் சேத்து ராஸ் அண்ட் குரோமார்ட்டின்னு ஒன்னாக்கிட்டாங்க. 1975ல அதையும் கலைச்சு, நிலப்பகுதி ஹைலேண்டுக்கும், லூயிஸ் ஹாரிஸோட சேர்ந்து மேற்குத் தீவுகளுக்கும் போச்சு. ஒரே தீவு ஒரே நிர்வாகத்துக்குக் கீழ வர 1975 ஆச்சு. ஆனா பேரு சாகல. கடுதாசி விலாசத்துல ராஸ்ஷயர்னு இன்னும் எழுதறாங்க, 6,000 பேரு கூட இல்லாத டிங்வால்லேர்ந்து ராஸ் கவுன்ட்டின்னு ஒரு ஃபுட்பால் டீம் போய் ஸ்காட்லாந்தோட முதல் டிவிஷன்ல பல வருஷம் ஆடுச்சு.

அரசாங்கம் இன்னும் அந்தப் பழைய எல்லையைப் பிடிச்சுக்கிட்டிருக்குற இடங்கள்ல ஒன்னு, ஸ்காட்லாந்து நிலப்பதிவு ஆபீஸ். அங்க நீங்க உல்லாபூல்லயோ, டெய்ன்லயோ, ஸ்டோர்னோவேயிலயோ ஒரு வீடு வாங்குனீங்கன்னா, ஹைலேண்ட் கவுன்சில், தீவுகள் கவுன்சில் எதுவும் அந்த நம்பர்ல வராது. பத்திர நம்பருக்கு முன்னாடி மூணு எழுத்து போடுவாங்க. ஆர், ஓ, எஸ்.